கடைப்பெயர் ரீல்: விலை பாதி, ஆயுளும் பாதியா?

அமெரிக்காவில் மீன்பிடி சாமான்கள் விற்கும் பெரிய கடைகளில் ரீல் அலமாரி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு தட்டில் ஷிமானோ, டைவா, ஆபு கார்சியா என்று பேர்போன கம்பெனிகளின் ரீல்கள். நடுத்தர ரகம் 150 டாலர் சுமாருக்குக் கிடைக்கும். உச்ச ரகம் 500 டாலரைத் தாண்டும். அடுத்த தட்டில் அதே வடிவம், அதே பளபளப்பு, பெட்டியின் மேல் அதே எண்கள். பெயர் மட்டும் வேறு. பாஸ் புரோ ஷாப்ஸ், கபேலாஸ், அகாடமி ஸ்போர்ட்ஸ் போன்ற கடைகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் ரீல்கள் அவை. பெரும்பாலும் 50 முதல் 100 டாலருக்குள் முடிந்துவிடும். நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் கடையின் பெயரையே அச்சிட்டுத் துவரம்பருப்புப் பாக்கெட் விற்கிறார்களே, அதே ஏற்பாடுதான். ஆனால் பருப்பு ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். ரீலோ ஈரத்திலும் மணலிலும் வெயிலிலும் பல வருடம் சுழல வேண்டிய யந்திரம். ஆகவே வாங்குகிறவருக்கு எழும் சந்தேகம் நியாயமானது: பாதி விலைக்குக் கிடைப்பது பாதி நாள்தான் உழைக்குமா?

அப்படியில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட விலைப்படியைத் தாண்டியபின் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் எடைக்குறைவுக்கும் நுட்பத்துக்கும் போகிறது. ஆயுளுக்குப் போவது கொஞ்சம்தான். ஆயுளைத் தீர்மானிக்கும் சங்கதிகள் மூன்று: உள்ளே இருக்கும் உலோகம், சொந்தக்காரர் அதை வைத்துக்கொள்ளும் விதம், தேய்ந்த பாகத்துக்கு மாற்றுப் பாகம் கிடைப்பது. முதல் இரண்டில் கடைப்பெயர் ரீல் தன்னைவிட இரண்டு மடங்கு விலையுள்ள ரீலுக்கு அதிகம் சளைத்ததில்லை. மூன்றாவதில் அது தெளிவாகத் தோற்கிறது. அந்தக் குறையையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்ப்பவருக்கு அது லாபமான சரக்கு. பார்க்கத் தவறுபவருக்கு மலிவாகத் தோன்றி ஏமாற்றும் சரக்கு.

உருளையும் கட்டைவிரலும்

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். தூண்டில் ரீல்களில் நாம் பரவலாகப் பார்ப்பது ஸ்பின்னிங் ரீல். அது கழிக்குக் கீழே தொங்கும். தூண்டில் நரம்பு சுற்றிய உருளை அசையாமல் நிற்க, நரம்பு மட்டும் சுருள் சுருளாகக் கழன்று ஓடும். இங்கே நாம் பேசும் பெய்ட்காஸ்டிங் ரீலோ கழியின் மேல்புறம் உட்காரும். இரையை வீசும்போது இரையின் கனம் நரம்பை இழுக்க, உருளையே அச்சில் சுழன்று நரம்பை விடும். கட்டைவிரல் அந்த உருளையின்மேல் படிந்தபடி இருக்கும். இரை எந்தக் கட்டைக்குப் பக்கத்தில், எந்தத் தாமரை இலைக்கு அருகில் விழ வேண்டுமோ அங்கே விரலை அழுத்தினால் போதும், இரை நின்றுவிடும். தடிமனான நரம்பையும் கனமான இரையையும் தாங்கும். புதருக்குள் பாயும் மீனை இழுத்து வெளியே கொண்டுவரும் வலு அதிகம். அமெரிக்க ஏரிகளில் மூழ்கிய மரங்களுக்கும் பாசிக்கும் நடுவே ஒளிந்திருக்கும் பாஸ் மீனைப் பிடிக்க இந்த ரீலே விருப்பமான ஆயுதமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்த யந்திரம் எவ்வளவு கடுமையாக வேலை செய்கிறது என்பது ஒரு சிறு கணக்கில் விளங்கும். நரம்பு நிறைந்த உருளையின் விட்டம் 34 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு 107 மில்லிமீட்டர் வரும். வீசிய இரை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பறந்தால், உருளை நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். இரை காற்றில் வேகம் இழந்த பிறகும் உருளை அதே வேகத்தில் ஓடினால், போக இடமில்லாத நரம்பு உருளைக்குள்ளேயே பொங்கிப் பெருஞ்சிக்காகிவிடும். அதைத் தடுக்கத்தான் பிரேக். உருளையின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கட்டைகள் மையவிலக்கு விசையால் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசுவது ஒரு முறை. அலுமினிய உருளைக்கு அருகே காந்தங்களை வைத்து, சுழற்சியால் எழும் சுழல் மின்னோட்டத்தைக் கொண்டே வேகத்தைப் பிடித்து வைப்பது இன்னொரு முறை. இரண்டுமே இப்போது 60 டாலர் ரீலிலும் வந்துவிட்டன. கைப்பிடியைச் சுற்றும்போது பெரிய பல்சக்கரம் சின்னப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. 7-க்கு 1 என்ற விகிதமுள்ள ரீலில் கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை ஏழு சுற்றுச் சுற்றி, ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் நரம்பை உள்ளே இழுக்கும். நரம்பு ஒரே இடத்தில் குவியாமல் இருக்க, குறுக்கு நெடுக்காகப் பள்ளம் வெட்டிய ஒரு தண்டு வழிகாட்டியை இடமும் வலமும் நகர்த்திக்கொண்டிருக்கும். மீன் வேகமாக இழுத்தால் நரம்பு அறுந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது டிராக் என்னும் வாஷர் அடுக்கு. கைக்குள் அடங்கும் பெட்டியில் இத்தனையும் இருக்கின்றன.

பெயர் யாருடையது, பட்டறை யாருடையது

கடைப்பெயர் ரீலைப் பற்றிய அவநம்பிக்கையின் வேர், 'இதைச் செய்தது யார் என்றே தெரியாது' என்பது. ஆனால் இந்தத் தொழிலின் வரலாற்றைப் பார்த்தால், பக்கத்தகட்டில் இருக்கும் பெயரும் பட்டறையின் பெயரும் ஒன்றாக இருந்த காலம் குறைவு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் என்ற ஊரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக் கைவினைஞர் பல்சக்கரம் வைத்த ரீல்களைக் கையால் செய்தார். அவருக்குப் பின் மீக் சகோதரர்கள் போன்றோர் அதே கைத்திறனில் செய்த ரீல்கள் வசதியுள்ளவர்களின் பொருளாகவே இருந்தன. அந்த நூற்றாண்டின் இறுதியில் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் ஷேக்ஸ்பியர் கம்பெனியும், ஒஹையோவின் ஆக்ரனில் ஃப்ளூகர் குடும்பத்தின் தொழிற்சாலையும் யந்திர உற்பத்தியில் இறங்கியபின் சாதாரண ஆட்களும் பரவலாக ரீல் வாங்கினார்கள். சியர்ஸ் ரோபக் போன்ற தபால் வணிக நிறுவனங்கள் அடுத்த கட்டத்துக்குப் போயின. சியர்ஸ், வேறு தொழிற்சாலைகளில் ரீல்களைச் செய்ய வைத்து 'ஜே.சி. ஹிக்கின்ஸ்' என்ற தன் சொந்தப் பெயரில் விற்றது. 1960களில் அந்த இடத்துக்கு பேஸ்பால் நட்சத்திரமும் தூண்டில் பித்தருமான டெட் வில்லியம்ஸின் பெயர் வந்தது. ஆக, கடைப்பெயர் ரீல் இணையக் காலத்து ஏற்பாடு என்று நினைத்தால் தப்பு; அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் கைக்கு ரீல் வந்து சேர்ந்த பழைய வழிகளில் அதுவும் ஒன்று.

பெரிய பெயர்களின் கதையும் இதிலிருந்து அதிகம் மாறுபட்டதில்லை. ஆபு 1921இல் ஸ்வீடனின் ஸ்வேங்ஸ்டா ஊரில் தொடங்கிய கம்பெனி. ரீலுக்கு முன் அது செய்தவை கடிகாரங்களும் டாக்சி மீட்டர்களும். அதன் பெயரோடு ஒட்டிக்கொண்ட 'கார்சியா' அமெரிக்காவில் அதை இறக்குமதி செய்து விற்ற நிறுவனம். அலபாமாவைச் சேர்ந்த லூ சில்ட்ரே 1970களில் வடிவமைத்துப் பெயர் வாங்கிய ஸ்பீட் ஸ்பூல் ரீலை ஜப்பானில் செய்து கொடுத்தது ஷிமானோ. இன்று லூஸ் என்ற அதே பெயரில் வரும் ரீல்கள் பலவும் தென்கொரியாவின் டோயோ எஞ்சினியரிங் பட்டறையில் உருவானவை. அதே டோயோ, கடைகளின் சொந்தப் பெயர் ரீல்களையும் செய்து கொடுத்திருக்கிறது. பட்டறை ஒன்று, பெயர்கள் பல. விற்பவருக்குச் சொந்தப் பட்டறை இல்லை என்பதைக் குற்றமாக எடுத்துக்கொண்டால், அலமாரியில் இருக்கும் மதிப்பான பெயர்கள் சிலவற்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டிவரும்.

அப்படியானால் விலை எங்கே குறைகிறது? 1972இல் மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் தன் தந்தையின் மதுக்கடையில் எட்டுச் சதுர அடி இடத்தில் மீன்பிடி சாமான் விற்க ஆரம்பித்த ஜானி மாரிஸ், அதை பாஸ் புரோ ஷாப்ஸ் என்ற சங்கிலிக் கடைகளாக வளர்த்து, 2017இல் நெப்ராஸ்காவின் கபேலாஸையும் வாங்கினார். இப்படிப்பட்ட கடை, பட்டறையிடம் நேரடியாக, ஆயிரக்கணக்கில் ரீல் கேட்க முடியும். நடுவில் விநியோகஸ்தர் இல்லை. அவருக்கான பங்கும் இல்லை. தொலைக்காட்சி விளம்பரமும் போட்டி வீரர்களுக்குக் கொடுக்கும் ஆதரவுத் தொகையும் ஒரு ரீலின் தலையில் விழுவது குறைவு. கடையின் அலமாரியே விளம்பரம். புதிய பிரேக் அமைப்பைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிச் செலவும் கிடையாது; மற்றவர்கள் கண்டுபிடித்து, காப்புரிமைக் காலம் முடிந்து, பொதுச் சொத்தாகிவிட்ட வடிவங்களையே எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சமாகும் பணம் முழுவதும் நம் பைக்கு வந்துவிடும் என்று நம்ப வேண்டியதில்லை. ஒரு பகுதியைக் கடையும் லாபமாக எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் இந்தக் கழிவுகள் எதுவும் பல்சக்கரத்தின் உலோகத்தைத் தொடாதவை. விலை குறைந்ததால் மட்டுமே ஆயுள் குறைந்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாததற்குக் காரணம் இதுதான்.

கூடுதல் பணம் எதை வாங்குகிறது

80 டாலர் ரீலையும் 400 டாலர் ரீலையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி வைத்தால் தெரியும் வித்தியாசங்களில் முதலாவது எடை. கடைப்பெயர் ரீல் சாதாரணமாக 200 கிராமைத் தாண்டும். உச்ச ரகம் 160 கிராம் சுமாரில் நிற்கும். அந்த 40, 50 கிராமைக் குறைக்கத்தான் மெக்னீசியச் சட்டம், துளையிட்டு மெலிதாக்கிய உருளை, அலுமினியக் கலவையில் வெட்டிய பல்சக்கரம் எல்லாம் வருகின்றன. நாள் முழுக்க ஆயிரம் தடவை வீசும் போட்டி வீரரின் மணிக்கட்டுக்கு அது பெரிய நிம்மதி. மெலிந்த உருளை சட்டென்று வேகம் பிடிப்பதால் நாலைந்து கிராம் எடையுள்ள குட்டி இரையைக்கூட தூரமாக வீச முடியும். மலிவு ரீலில் அது கடினம். இவை உண்மையான பலன்கள், பணம் கொடுக்கத் தகுந்தவைதாம்.

ஆனால் இவற்றில் எதுவும் நீடித்த உழைப்பு ஆகாது. சில இடங்களில் அதற்கு நேர் எதிர். பித்தளை அலுமினியத்தைவிட மூன்று மடங்கு அடர்த்தியானது. கனமானது என்பதாலேயே எடைக்குறைப்பில் முதலில் பலியாவது அதுதான். அலுமினியக் கலவைப் பல், பாரமான இரையை ஆழத்தில் இழுக்கும் வேலையில் பித்தளைப் பல்லைவிடச் சீக்கிரம் தேயும். மெக்னீசியத்தின் மேற்பூச்சில் ஒரு கீறல் விழுந்து உப்புநீர் புகுந்தால் அரிப்பு வேகமாகப் பரவும். 90 டாலர் கடைப்பெயர் ரீலில் எடையைப் பற்றிக் கவலைப்படாததால் பித்தளைப் பல்சக்கரமும் வார்த்த அலுமினியச் சட்டமும் இருக்க வாய்ப்பு அதிகம். 'காசுக்கேத்த தோசை' என்று பழமொழியைக் காட்டி மறுப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கூடுதல் காசுக்குக் கூடுதலாக ஏதோ கிடைக்கிறது என்பது சரி. கிடைப்பது நாம் கேட்ட ஆயுள்தானா என்பதுதான் கேள்வி.

இதை வைத்துக்கொண்டு எந்த மலிவு ரீலும் நல்ல ரீல் என்று சொல்லிவிட முடியாது. விலைப்படிக்குக் கீழே ஒரு தரை இருக்கிறது. 20, 30 டாலருக்கு விற்கும் ரீல்களில் சட்டம் கிராஃபைட் என்று சொல்லப்படும், இழை கலந்த பிளாஸ்டிக்காக இருக்கும். கடையில் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். பெரிய மீன் இழுக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். பாரத்தில் சட்டம் மயிரிழை அளவு வளையும். இரண்டு பல்சக்கரங்களும் ஒன்றின்மேல் ஒன்று நேராகப் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் உரசும். ஓரம் தேய்ந்தபின் கைப்பிடியில் நறநறப்பு தெரியும். எண்ணெய் விட்டாலும் அது போகாது, ஏனென்றால் கோளாறு சட்டத்தில் இருக்கிறது. அந்த ரீலுக்கு ஆயுள் குறைவுதான். கடைப்பெயர் வரிசையிலும் இந்த அடிமட்ட ரகம் உண்டு. ஆகவே கடைப்பெயரா, கம்பெனிப் பெயரா என்று பார்ப்பதைவிட உலோகச் சட்டமா, இல்லையா என்று பார்ப்பது ஆயுளைப் பற்றி அதிகம் சொல்லும்.

பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பேரிங் எண்ணிக்கை அவ்வளவு சொல்லாது. '10+1' என்று இருந்தால் பத்துப் பந்துப் பேரிங்கும், கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் பிடிக்கும் ஒரு ரோலர் பேரிங்கும் என்று பொருள். வீசும் தூரத்துக்குப் பொறுப்பு உருளையின் இரு முனையிலும் இருக்கும் இரண்டு பேரிங்குகள் மட்டுமே. ஒன்றிரண்டு பல்சக்கர அச்சைத் தாங்கும். மீதியில் நான்கு கைப்பிடிக் குமிழ்களுக்குள் இருக்கலாம். அவை விரலுக்குச் சுகம், ரீலின் ஆயுளுக்குச் சம்பந்தமில்லை. அங்கே சின்னப் பிளாஸ்டிக் புஷ் போட்டிருந்தாலும் வேலை நடக்கும். எண்ணிக்கையை ஏற்றிக் காட்ட மலிவான வழி குமிழில் பேரிங் போடுவதுதான் என்பது தெரிந்துவிட்டால், ஆறு பேரிங் ரீல் பத்து பேரிங் ரீலைவிட நன்றாக இருக்கக் கூடும் என்பதும் புரிந்துவிடும்.

மறுப்புகள்

அனுபவசாலிகள் எழுப்பும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஒரே பட்டறை என்பதால் ஒரே தரம் ஆகிவிடாது. இது முழுக்க உண்மை. பட்டறை, கேட்டதைச் செய்து கொடுக்கும். எந்த இரும்பில் பேரிங், பல்லின் வெட்டு எவ்வளவு துல்லியம், நூறு ரீலில் எத்தனையைப் பரிசோதிப்பது என்பதையெல்லாம் வாங்கும் கடை விலைக்குத் தக்கபடி தீர்மானிக்கிறது. ஆகவே கடைப்பெயர் ரீல்களில் ஒரே மாடலின் இரண்டு பெட்டிகளுக்குள் வேறுபாடு கூடுதலாக இருக்கலாம். ஒன்று வெண்ணெயாக ஓட, இன்னொன்று முதல் நாளே கரகரக்கலாம். விலையுயர்ந்த ரீலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இந்த வேறுபாட்டை ஒழிக்கும் பரிசோதனைக்குப் போகிறது. அதற்குப் பரிகாரம், அந்தப் பரிசோதனையை வாங்குபவரே கடையில் நின்று செய்துகொள்வதுதான். உருளையை விரலால் இட வலமாக அசைத்து ஆட்டம் பார்க்கலாம். கைப்பிடியை மெதுவாகச் சுற்றிப் பல்லின் ஓட்டத்தைக் கேட்கலாம். நரம்பு போகும் வழியில் ஒரு நரம்புத் துண்டைக் கட்டிக் கையால் இழுத்து, டிராக் திக்கித் திணறாமல் விடுகிறதா என்று பார்க்கலாம். உருளையை விடுவிக்கும் கட்டைவிரல் பட்டனை அழுத்திவிட்டுக் கைப்பிடியைத் திருப்பினால் சட்டென்று பிடிக்கிறதா என்று பார்க்கலாம். கடைப்பெயர் ரீலில் இதற்கு ஒரு வசதியும் இருக்கிறது: விற்றவரும் பெயருக்குச் சொந்தக்காரரும் ஒருவரே. குறை தெரிந்தால் கம்பெனிக்குப் பார்சல் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். ரசீதோடு அதே கவுண்டருக்குப் போகலாம்.

இன்னொரு மறுப்பு, விலையுயர்ந்த பழைய ரீல்களின் நீண்ட ஆயுளைக் காட்டுவது. 1950களிலும் 60களிலும் ஸ்வீடனிலிருந்து வந்த ஆபு ஆம்பாசடர் ரீல்கள் இன்றும் ஏரிகளில் வேலை செய்கின்றன. கடைப்பெயர் ரீல் ஏதாவது அப்படி அரை நூற்றாண்டு ஓடுமா என்று கேட்கிறார்கள். இந்த உதாரணத்தை உற்றுப் பார்த்தால் அது விலையைவிட வேறொன்றுக்குச் சாட்சி சொல்கிறது. அந்த ரீல்களிலும் நரம்பை நகர்த்தும் தண்டின் பள்ளத்தில் ஓடும் சின்ன நாக்கு தேய்ந்திருக்கும், டிராக் வாஷர் மழுங்கியிருக்கும், ஸ்பிரிங் உடைந்திருக்கும். அவை இன்னும் ஓடுவது தேயாததால் இல்லை, தேய்ந்ததை மாற்ற முடிந்ததால். அந்த வடிவம் பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாமல் வந்ததால், ஒரு வருடத்து ரீலின் பாகம் இன்னொரு வருடத்து ரீலுக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது. பாகங்கள் இப்போதும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. நீடித்த ஆயுள் என்பது பெரும்பாலும் பழுதுபார்க்க முடிவதன் இன்னொரு பெயர்.

கடைப்பெயர் ரீலின் உண்மையான பலவீனம் இங்கேதான் வருகிறது. கடைக்கு ரீல் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும் சரக்கு. இரண்டு மூன்று வருடத்தில் மாடலின் பெயர் மாறும், நிறம் மாறும். சில சமயம் செய்யும் பட்டறையே மாறும். பட்டறை மாறினால் உள்ளே ஒரு பாகமும் பழைய ரீலுக்குப் பொருந்தாது. உத்தரவாதக் காலத்துக்குள் பழுதானால் கடை பெரும்பாலும் பழுது பார்க்காது, புதியது கொடுத்துவிடும். அது தாராளம்போலத் தெரிந்தாலும், பழுது பார்க்கும் ஏற்பாடு இல்லை என்பதன் அடையாளமும் அதுவே. காலம் முடிந்தபின் சில டாலர் மதிப்புள்ள ஒரு ஸ்பிரிங்குக்காக முழு ரீலையும் தூக்கிப் போட வேண்டி வரலாம். கடையே நிரந்தரம் என்றும் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் அமெரிக்காவின் மாபெரும் சில்லறை வணிக நிறுவனமாக இருந்த சியர்ஸ் 2018இல் திவாலுக்கு மனுச் செய்தது. அதன் பெயர் பொறித்த ரீல் வைத்திருப்பவர் பாகத்துக்கு இப்போது பழைய சாமான் வியாபாரியைத்தான் தேட வேண்டும்.

இந்தக் குறையை ஓரளவு சரிக்கட்டும் ஒன்று, பாகங்களிலேயே இருக்கிறது. பெய்ட்காஸ்டிங் ரீலில் முதலில் கெடுபவை உருளைப் பேரிங்குகள். அவை பெரும்பாலும் பொது அளவில் வருபவை. உள்விட்டம் 3, வெளிவிட்டம் 10, அகலம் 4 மில்லிமீட்டர் என்ற அளவு பல கம்பெனி ரீல்களுக்கும் பொது. பேரிங் கடையிலேயே வாங்கிவிடலாம். டிராக் வாஷரைக் கார்பன் இழைத் தகட்டில் வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். மாடலுக்கென்றே செய்தவை பல்சக்கரம், நாக்கு, கிளட்ச் பாகங்கள்தாம். அவை தேயும் வேகம் பராமரிப்பைப் பொறுத்தது. நரம்பு நகர்த்தும் தண்டில் மணலும் பாசியும் சேராமல் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய். உருளைப் பேரிங்கில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். பல்சக்கரத்தில் மெலிதாகக் கிரீஸ். பின்சுழற்சியைத் தடுக்கும் ரோலர் பேரிங்கில் மட்டும் கிரீஸ் படாமல் பார்த்துக்கொள்வது, பட்டால் அது வழுக்கும். வீட்டுக்கு வந்ததும் டிராக்கைத் தளர்த்தி வைப்பது. இவ்வளவுதான். இதைச் செய்பவரின் 80 டாலர் ரீல், செய்யாதவரின் 300 டாலர் ரீலைவிட நீண்ட நாள் ஓடும் என்பதில் வியப்பில்லை. காய்ந்த பேரிங் தன்மேல் பொறித்த பெயரைப் பார்த்துத் துருப்பிடிப்பதில்லை.

யாருக்கு லாபம்

அமெரிக்க பாஸ் மீன்பிடிப்பின் பழக்கம் ஒன்றும் இந்தக் கணக்கில் வருகிறது. படகில் போகிறவர் ஒரு கழியோடு போவதில்லை. ஆழத்தில் இழுக்கும் கனமான இரைக்கு மெதுவான விகிதமுள்ள ரீல், பாசியின்மேல் தத்தும் தவளை இரைக்கு வேகமான ரீல், அடியில் தட்டித் தட்டி நகர்த்தும் இரைக்கு இன்னொன்று என்று நாலைந்து கழிகளைத் தயாராகக் கட்டி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 300 டாலர் கொடுக்கச் சம்பளக்காரரால் முடியாது. 300 டாலருக்கு மூன்று நல்ல கடைப்பெயர் ரீல் வாங்கினால் தேய்மானமும் மூன்றாகப் பிரிகிறது. ஒன்று படுத்தால் அன்றைய வேட்டை நிற்பதில்லை. வார விடுமுறையில் நன்னீரில் தூண்டில் போடுகிறவருக்கு இந்தப் பங்கீடு ஒற்றை உயர்ரக ரீலைவிடப் பயனுள்ளது. தினமும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மீன்பிடித்துப் பிழைக்கும் வழிகாட்டிக்கும், குட்டி இரையையே நம்பும் போட்டி வீரருக்கும், கடலில் போடுகிறவருக்கும் கணக்கு வேறு. அவர்களுக்குப் பழுதுபார்க்கும் வசதியும் துரு தாங்கும் பேரிங்கும் சொகுசு ஆகாது. அவை தொழில் முதல்.

நம் பக்கத்தில் இது முழுக்க அந்நிய விவகாரமும் இல்லை. விரால் மீனுக்குத் தவளை இரை வீசும் தூண்டில்காரர்களிடையே பெய்ட்காஸ்டிங் ரீல் இடம் பிடித்துவிட்டது. பிரெஞ்சு நிறுவனமான டெகாத்லான் தன் 'கேபர்லான்' என்ற சொந்தப் பெயரில் இங்கேயும் மீன்பிடி சாமான் விற்கிறது. இணையத்திலும் பலவகைப் பெயர்களில் மலிவு ரீல்கள் வருகின்றன. ஆனால் அமெரிக்காவில் பொருந்தும் தீர்ப்பை அப்படியே இங்கே நகலெடுக்க முடியாது. குளத்தில் விரால் பிடிப்பவருக்கு அது பொருந்தும். கழிமுகத்தில் கொடுவாய்க்கு வீசுகிறவரின் ரீல் உப்புநீரில் நனைகிறது. ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீர் தெளித்துத் துடைத்துக் காயவைக்காவிட்டால் மலிவுப் பேரிங் சீக்கிரம் துருவேறும். உதிரிபாகம் கிடைப்பதும் இங்கே இன்னும் அரிது. கடைக்காரரிடம் விலையைப் பேரம் பேசுவதற்கு முன், 'இதற்கு உள்பாகம் கிடைக்குமா, குறை வந்தால் யாரிடம் கொடுப்பது?' என்று கேட்பது நம்மவருக்குக் கூடுதல் அவசியம்.

மொத்தத்தில், கடைப்பெயர் ரீலைத் தரம் குறைந்த ரீல் என்று ஒதுக்குவதும், பெரிய கம்பெனிக்கு நிகர் என்று கொண்டாடுவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். இரண்டுமே பெயரைப் பார்க்கின்றன. பார்க்க வேண்டியவை உலோகச் சட்டம், பித்தளைப் பல்சக்கரம், திக்காத டிராக், விற்றவரின் மாற்றிக் கொடுக்கும் நாணயம். இந்த நான்கும் இருக்கும் ரீலை அடிமட்ட ரகத்தில் தேடாமல் அதற்கு ஒரு படி மேலே, 80 டாலர் சுமாரில் தேடுபவர் கொடுத்த காசுக்கு மேலேயே வேலை வாங்குவார். அந்த ரீலை அரை நூற்றாண்டு கழித்துப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கும் சொத்தாக நினைக்காமல், ஐந்தாறு பருவம் நன்றாக உழைத்துத் தீரும் கருவியாக நினைத்து வாங்கினால், பக்கத்தகட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதற்காக இரண்டு மடங்கு கொடுக்க அவசியமில்லை.